கடுக்காய்த் தொட்டியில் எம்டன் குண்டு

நான்காம் அத்தியாயம்

எம்டன் கப்பல் பாலாற்று வழியாகக் காஞ்சிபுரத்துக்கு வந்துவிடும் என்று 1914-ஆம் வருஷம் புரட்டாசி மாதத்தில் ஊரில் பாதிப்பேர் நம்பினார்கள். மீதிப்பேர் அது ஏற்கெனவே வந்துவிட்டதாக நம்பினார்கள். பாலாற்றில் அப்போது முழங்காலளவு தண்ணீர் இல்லை, கணுக்காலளவும் இல்லை. இருந்தாலும் ஆற்று மணலில் ஆள் நிறுத்திக் காவல் போட்டார்கள். காவல் படைக்குத் தலைவர் துப்பறியும் பூவராகவன். அவர் தடியும் கையுமாக நின்றவரையில் ஒரு ஜெர்மன் கப்பலும் பாலாற்றில் நுழையவில்லை. இதை யாரும் மறுக்க முடியாது.

எம்டன் சென்னைக்கு வந்தது மட்டும் நிஜம். துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளில் குண்டு போட்டுவிட்டுப் போய்விட்டது. அன்று இரவு பட்டணத்து ஜனங்கள் கட்டிய துணியோடு ஓடினார்கள். ஓடாமல் நின்ற ஒரே வீரர் யதிராஜன் என்று சின்னக் காஞ்சிபுரம் கொண்டாடியது. யதிராஜன் துறைமுகச் சரக்குக் கிட்டங்கியில் கணக்கர். குண்டு மழைக்கு நடுவே கடற்கரைச் சுவரோரம் நின்று, வெடித்த குண்டின் துண்டு ஒன்றை அங்கவஸ்திரத்தில் ஏந்திக்கொண்டு வந்தவர். தேங்காய் மூடி அளவு இரும்பு. அதைப் பூப்பல்லக்கில் வைத்து வீதி வலம் விட்டார்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், பன்னீர் தெளித்தார்கள். பல்லக்கு போன தெருவில் மலட்டு எருமை ஒன்று கன்று போட்டது என்றும் பேச்சு இருந்தது. "இது அசல் ஜெர்மன் எஃகு" என்று முகர்ந்து பார்த்துச் சான்று சொன்னவர் பூவராகவன். யதிராஜனுக்குத் தலைப்பாகை கட்டி முதலில் கைதட்டியவரும் அவர்தான்.

நேற்றுக் காலை அந்தக் குண்டு யதிராஜன் வீட்டுப் பெருமாள் அறையிலிருந்து காணாமல் போயிற்று. மத்தியானமே அகப்பட்டும் விட்டது. பிள்ளையார்பாளையத்தில் கிருஷ்ணவேணியம்மாளின் சாயப் பட்டறையில், ஒரு தொட்டியின் அடியில். பட்டறையில் விறகு சுமக்கும் சின்னப்பையன் என்பவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிற்று. ஊர்வலத்தின்போது அவன் தெரு முனையில் நின்று சிரித்ததைப் பத்துப்பேர் பார்த்திருந்தார்கள்.

"சாயந்திர ரயில்ல செங்கற்பட்டுக்கு அனுப்புறோம் சாமி" என்றார் ஏட்டு பரசுராமன். "எல்லா ஊர்லயும் ஆளுக்கொரு ஜெர்மன் உளவாளியப் புடிச்சுக் காட்டிட்டாங்க. நம்ம ஊருக்குத்தான் ஒண்ணும் இல்லாம தலைகுனிவா இருந்துது. இவன்தான் திருடன்னு நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்துட்டா, மீதிய செங்கற்பட்டு பார்த்துக்கும்."

"பார்த்துக்கும்னா?"

ஏட்டு தம் கழுத்தைத் தடவிக் காட்டினார். யுத்த காலம்.

பூவராகவன் லாக்கப்பின் முன்னால் போய் நின்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே நின்றவனுக்கு முப்பது வயதிருக்கும். பூவராகவன் அவன் முகத்தைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"உன் பேர்?"

"சின்னப்பையன், சாமி. ஏனாத்தூரு."

"சின்னப்பையா, நான் செங்கற்பட்டுப் போலீஸ் கச்சேரியில இருபது வருஷம் ரைட்டரா இருந்தவன். ஒரு தரம் பார்த்த முகத்தை நான் மறந்ததா சரித்திரமே கிடையாது. உன்னை இதுக்கு முன்னால நான் பார்த்ததில்லை. அதனால நீ பழைய கேடி இல்லைன்னு தெரியறது. அது உனக்கு நல்லது."

சின்னப்பையன் அவர் கையிலிருந்த தடியைப் பார்த்தான். பிறகு, "ஆமாங்க சாமி. நீங்க பார்க்கல" என்றான்.

பூவராகவனின் உதவியாளன் தணிகாசலம் பின்னாலிருந்து இருமினான். பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிற வேலையில் இருந்தவன். வாங்க வந்த பெரிய மனிதர் வீட்டு அம்மாவிடம், "இந்தக் கலர் உங்களுக்கு வேணாம்மா, புடவை பாவம்" என்று சொல்லி வேலை போனவன்.

"சாமி சொல்றது நெசம்தான்பா. போன மாசம் வயல்ல ஒரு வைக்கோல் பொம்மையப் பார்த்து, 'இவன் ஆரணியில ஆடு திருடினவன்'னு துரத்தினு போனாரு. பொம்மை இன்னும் ஒத்துக்கல."

"தணிகாசலம்."

"வாய மூடிக்கினேன் சாமி."

"ஊர்வலத்துல ஏன் சிரிச்சே?" என்று பூவராகவன் மறுபடி ஆரம்பித்தார்.

"சிரிப்பு வந்துது சாமி."

"குண்டு போட்ட அன்னிக்கு எங்க இருந்தே?"

"பட்டணத்துல. தொறமுகத்துல மூட்டை தூக்கினு இருந்தேன். எல்லாரும் ஓடியாந்தாங்க. நானும் வந்தேன்."

"தனியாவா?"

இதற்குப் பதில் வரக் கொஞ்சம் தாமதமாயிற்று. "தனியாத்தான் சாமி" என்றான், தரையைப் பார்த்து.

வெளியே வந்ததும் தணிகாசலம் சொன்னான்: "தனியா வந்தவன் தனியான்னு சொல்ல இம்மாம் நேரம் யோசிக்கிறானே, பார்த்தீங்களா?"

"பார்த்தேன். வா, பட்டறைக்குப் போவோம்."

பட்டறை வாசலில் சுவரில் ஒரு மாடம் இருந்தது. கிருஷ்ணவேணியம்மாள் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். தெலுங்குக்காரி, பேச ஆரம்பித்தால் தெலுங்கும் தமிழும் ஒன்றை ஒன்று முந்தும்.

"ரண்டி, ரண்டி. இரும்பு எல்லாம் மாடத்துல வெச்சிட்டு உள்ள வாங்க."

"அம்மா, நான் துப்பறிய வந்திருக்கேன்."

"கலெக்டர் வந்தாலும் அதேதான். இரும்பு உள்ள வரக்கூடாது. மா தாத்தா காலத்து வழக்கம்."

பூவராகவன் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பேனாக்கத்தி, சாவிக்கொத்து, பூண் போட்ட தடி, ரைட்டர் உத்தியோகத்தின் ஞாபகார்த்தமாக வைத்திருந்த சாவி தொலைந்த ஒரு கைவிலங்கு. மாடத்தில் ஏற்கெனவே ஒரு சின்னப் பாக்குக்கத்தி கிடந்தது.

"இது யாரோடது?"

"சின்னப்பையன்தி. நேத்துக் காலையில வெச்சான். திரும்ப எடுத்துக்கப் போலீஸ்காரங்க விடலயே."

உள்ளே கிணற்றடியில் வரிசையாகத் தொட்டிகள். ஒன்றில் மட்டும் தண்ணீர் மைக்கூடு போல இருந்தது. பக்கத்தில் கொடியில் நனைந்து தொங்கிய பட்டுக் கற்றையைக் காக்கை என்று சொன்னால் காக்கை கோபித்துக்கொள்ளும்.

"யுத்தத்துல ஜெர்மன் சாய டப்பா வர்றது நின்னுபோச்சு" என்றாள் கிருஷ்ணவேணி. "அதனால பழையபடி கடுக்காய், அரக்குன்னு எறங்கிட்டோம். இது கடுக்காய்த் தண்ணி. பட்டு இதுல ஊறினாத்தான் அப்புறம் அரக்குச் சிவப்பு நல்லா ஏறும். ஆனா இரும்பு பட்டுச்சோ, எழுதுற மைதான். கல்யாணப் புடவைக்கு ஊற வெச்ச பட்டு இது. இப்ப எழவு வீட்டுக்குக்கூட ஆவாது."

பூவராகவன் தொட்டியையும் பார்த்தார், வாசல் மாடத்தையும் பார்த்தார். வெற்றிலைக்குப் பாக்கு வெட்டுகிற கத்தியைக்கூட வெளியே வைத்துவிட்டு வருகிறவன், தேங்காய் மூடி அளவு இரும்பைக் கடுக்காய்த் தொட்டியிலா ஒளிப்பான்? இந்தப் பட்டறையில் ஒரு நாள் வேலை பார்த்தவன்கூடச் செய்யமாட்டான். அப்படியானால் ஒளித்தது இந்த வாசலைத் தாண்டி வந்தே பழகாத ஆள்.

அதை அவர் உரக்கச் சொன்னார். சொல்லும்போது ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"அதத்தான் நேத்துலேர்ந்து நானும் கத்தறேன்" என்றாள் கிருஷ்ணவேணி. "யாரு கேட்டா? நாங்க சாப்பிடப் போயிருந்தோம், அவன் விறகுக்குப் போயிருந்தான். கொல்லை வேலி எப்பவும் தொறந்துதான் கெடக்கும். திரும்பி வந்து பார்த்தா தண்ணி கறுத்துக்கினு வருது. இன்னொண்ணு கேளுங்க. போட்டவங்க 'தொபுக்'குனு போடல. சத்தம் கேக்காம இருக்கக் கையை அடிவரைக்கும் விட்டு வெச்சிருக்காங்க. மஞ்சத்தண்ணி ஊத்தி ஊத்தித் துருவேறின இரும்பு. வெச்ச கை மணிக்கட்டைத் தாண்டிக் கறுத்திருக்கும். புளி போட்டுத் தேச்சாலும் லேசுல போவாது."

"சின்னப்பையன் கை?" என்று பூவராகவன் தணிகாசலத்தின் பக்கம் திரும்பினார்.

"சுத்தமா இருந்துதே. கம்பியப் புடிச்சினுதானே நின்னான். நீங்க பார்க்கல?"

"நான் முகத்தைப் பார்த்துண்டிருந்தேன்."

"அதுதான பார்த்தேன்" என்றான் தணிகாசலம்.

கறுத்த கையைத் தேடி அவர்கள் சின்னக் காஞ்சிபுரம் வரையில் வந்தார்கள். வழியில் பூவராகவன் பதினைந்து பேருடைய கையைப் பிடித்துப் பார்த்தார். கை ரேகை பார்க்கிறாராக்கும் என்று எண்ணி ஒருத்தர் தம் பெண்ணுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று கேட்டார். ஒருவர் கையிலும் கறை இல்லை. சின்னப்பையனை விட்டுவிடச் சொல்ல இன்னொரு கை வேண்டும். ரயில் நேரமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

"முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடலாம்" என்றார் பூவராகவன். முதலாளி என்றது யதிராஜனை. இந்த வழக்கை ஒப்படைத்தவர் அவர்தான்.

யதிராஜன் கூடத்தில் தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள்ளேயும் அதை எடுப்பதில்லை போலிருந்தது.

"எழுதிக் குடுத்துட்டீரா ஸ்வாமி? குண்டைப் பார்க்கக் கலெக்டர் வரப்போ திருடன் ஊர்ல இருக்கப்படாது."

பதில் சொல்வதற்குள் யதிராஜனின் மூன்று வயதுப் பெண் தாரா ஓடிவந்து தணிகாசலத்தின் முதுகில் ஏறிக்கொண்டாள். தோளில் உட்கார்ந்து, வண்டி மாட்டை ஓட்டுவதுபோல அவன் இரண்டு காதையும் பிடித்துத் திருகினாள்.

"நட நைனா. வாலாஜாபாத் வந்துடுத்தா நைனா?"

தணிகாசலம் காது வலியையும் மறந்து நின்றான். நைனா என்று கூப்பிடுவது சேரியிலும் சந்தையிலும் சகஜம். இந்தத் தெருவில் யார் வாயிலும் அது வராது.

"குடும்பம் பின்னால ரயில்ல வந்ததாத்தானே சாமி சொன்னீங்க?" என்று யதிராஜனைக் கேட்டான். "ரயில்ல தோள்மேல குந்திக்கினா வந்துது கொழந்த?"

யதிராஜன் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார்.

"தாரா, இறங்கு" என்று கதவோரமிருந்து குரல் வந்தது. யதிராஜனின் மனைவி சூடாமணி. இரண்டு கையிலும் முழங்கை வரையில் அரைத்த மருதாணியை அப்பிக்கொண்டு, கைகளை நீட்டியபடி நின்றாள்.

தணிகாசலம் பூவராகவனை ஓரமாக இழுத்தான். "சாமி, உங்களுக்குக் கல்யாணம் ஆவல. அதனால சொல்றேன். பொம்பளைங்க மருதாணி வெக்கிறது ராத்திரி, பாத்திரமெல்லாம் கழுவிக் கவுத்தப்புறம். இங்க அடுப்பு எரியல. களைஞ்ச அரிசி அப்படியே கெடக்குது. கையில மருதாணிய வெச்சிக்கினு எவ உலை வெப்பா?"

பூவராகவன் எரியாத அடுப்பை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "சூடாமணி, கையை அலம்பிண்டு வாம்மா."

அவள் மறுக்கவில்லை. கிணற்றடியில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து இரண்டு கையையும் நீட்டினாள். நகங்கள் மட்டும் சிவந்திருந்தன. விரல், உள்ளங்கை, மணிக்கட்டுக்கு மேலே நாலு விரற்கடை வரையில், எழுதுகிற மை.

"நீயா?" என்றார் யதிராஜன். "ஆத்துக்குள்ளயே திருடியா? இதைச் சொல்ல உனக்கு வெக்கமா இல்லையா?"

"வெக்கமாத்தான் இருக்கு. அதனாலதான் எடுத்தேன்." சூடாமணி கணவனைப் பார்க்கவில்லை. பூவராகவனைப் பார்த்துச் சொன்னாள். "மாமா, நீங்க முகர்ந்து பார்த்துச் சொன்னது சரிதான். அது அசல் குண்டுதான். ஆனா இவர் எடுத்தது இல்லை. அன்னிக்கு ராத்திரி வெடிச் சத்தம் கேட்டதும் இவர் வெளியில போனார். என்னன்னு பார்த்துட்டு வருவார்னு கதவைத் திறந்து வெச்சுண்டு உக்காந்திருந்தேன். விடிஞ்சுது. அதுக்குள்ள இவர் இங்க வந்து காபி சாப்பிட்டாச்சு."

"பட்டணமே ஓடித்து" என்றார் யதிராஜன். "நான் ஒருத்தனா ஓடினேன்?"

"எல்லாரும் ஓடினா. ஆம்படையாளையும் கொழந்தையையும் கூட்டிண்டு ஓடினா." அவள் குரல் உயரவில்லை. "தாராவுக்கு ஜுரம். தெருவுல ஒரு ஈ காக்கா இல்லை. கணக்கர் ஆத்துல யாராவது மாட்டிண்டிருக்காளான்னு பார்க்க வந்தவர் ஒரே ஒருத்தர். இவர்கிட்ட மூட்டை தூக்கினவர். கொழந்தையைத் தோள்ல வெச்சுண்டார். ரயில் பாதையோரமாவே நடந்தோம். இவ அழுதப்போ, துறைமுகத்துல பொறுக்கின இரும்புத் துண்டை வெளையாடக் குடுத்தார். வாலாஜாபாத்துல அவர் வாங்கிண்டு வந்த தண்ணியைத்தான் குடிச்சேன். தெரிஞ்சா இந்தத் தெரு என்ன சொல்லும்னுதான் இத்தனை நாள் வாயைத் திறக்கலை. எங்க துணி மூட்டையில இருந்த இரும்பை இவர் எடுத்துத் துடைச்சு, கதை கட்டி, பல்லக்குல ஏத்தினார். அவர் பார்த்துச் சிரிச்சாராம். வேற யாராயிருந்தாலும் காறித் துப்பியிருப்பா."

"சின்னப்பையனா?" என்றான் தணிகாசலம்.

"அவரோடதை அவர்கிட்டயே குடுத்துடலாம்னு எடுத்துண்டு போனேன். பட்டறையில யாரும் இல்லை. காலடிச் சத்தம் கேட்டுது. பயத்துல பக்கத்துத் தொட்டியில வெச்சுட்டேன். அப்புறமா அவருக்குச் சொல்லி அனுப்பலாம்னு இருந்தேன். தண்ணி கறுக்கும்னு எனக்கு என்ன தெரியும்? குடுக்கப் போனவ, அவரைக் கொண்டுபோய் லாக்கப்புல வெச்சுட்டேன். அவரும் என் பேரைச் சொல்லலையே."

பூவராகவனுக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை.

"இத்தனை தூரம் நடந்து வந்திருக்கேள். ஊருக்குள்ள நுழையறச்சே யாரும் பார்க்கலையா?"

சூடாமணி தலையைக் குனிந்துகொண்டாள். அவருக்காகக் குனிந்தாள் என்பது அவருக்கு அப்புறம்தான் புரிந்தது.

"நீங்கதான் மாமா பார்த்தேள். தெரு முனையில காவல் நின்னுண்டிருந்தேள். ரயிலடியிலேர்ந்து வந்த கூலியாக்கும்னு நினைச்சுண்டேள். தடியை நீட்டி, 'அங்கேயே நில்லு, கொழந்தையை இறக்கிட்டுப் போ'ன்னேள். அவர் குடிக்கத் தண்ணி கேட்டார். 'பாலாத்துல போய்க் குடி'ன்னேள்."

பூவராகவன் நினைவைத் தோண்டினார். தடி ஞாபகம் வந்தது. குழந்தையை இறக்கிவிட்ட கைகள் ஞாபகம் வந்தன. முழங்கை வரையில் புழுதி. தண்ணீர் கேட்ட குரல்கூட வந்தது. பாலாற்றில் கணுக்காலளவு தண்ணீர் இல்லை என்பது ஊரில் மற்ற எல்லாரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். முகம் வரவில்லை. எவ்வளவு தோண்டியும் அந்த உடம்பின்மேல் ஒரு முகம் வரவில்லை. அவர் பார்க்கவே இல்லை.

'ஆமாங்க சாமி. நீங்க பார்க்கல.'

"ஸ்வாமி" என்று யதிராஜன் பக்கத்தில் வந்தார். குரலில் தலைப்பாகை இறங்கியிருந்தது. "அவனை விட்டுடச் சொல்லும். நான் வேண்டாங்கலை. ஆனா இது வெளியில போகவேண்டாம். காக்கா தூக்கிண்டு போய்ப் போட்டுதுன்னு எழுதிடுமே. எம்பேர் போனா போகட்டும், நம்ம தெரு பேர் இருக்கு. உம்ம பேர் இருக்கு."

"அந்த எடைக்குக் கருடன் வேணும் சாமி" என்றான் தணிகாசலம். ஆனால் சிரிப்புக்காகச் சொன்ன மாதிரி இல்லை.

பூவராகவன் மனத்தில் அந்தக் காக்கை ஒரு சுற்றுப் பறந்துவிட்டுத்தான் உட்கார்ந்தது. நல்ல காக்கை. ஏட்டு நம்பிவிடுவார், ஊர் இன்னும் சுலபமாக நம்பும், பத்து நாளில் அந்தக் காக்கைக்கும் பல்லக்குக் கட்டும். காக்கையை வாயால் விரட்ட அவருக்குத் தைரியம் வருவதற்குள், சூடாமணி குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டாள்.

பட்டப்பகலில் அவள் தெருவோடு நடந்தாள். கைகளைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வாசலிலும் ஒரு தலை எட்டிப் பார்த்தது. பார்த்த தலை உள்ளே போயிற்று. பின்னால் பூவராகவன் நடந்தார். பல்லக்கின் முன்னால் அன்று மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்த அதே தெரு. இன்று அதன் நீளம் பத்து மடங்கு இருந்தது.

ஸ்டேஷனில் சின்னப்பையனுக்கு விலங்கு போட்டு ரயிலடிக்குக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். சூடாமணி ஏட்டின் முன்னால் இரண்டு கையையும் நீட்டினாள்.

"தொட்டியில வெச்சது இந்தக் கை. அவர் கையைப் பாருங்கோ, என் கையைப் பாருங்கோ."

ஏட்டு பரசுராமன் இரண்டையும் பார்த்தார். பிறகு பூவராகவனைப் பார்த்தார். "நெசமா சாமி?"

"நிஜம்" என்றார் பூவராகவன். "குண்டு அவனோடது. கொண்டுவந்தவன் அவன். யதிராஜன் கொண்டுவந்ததா ஊருக்குச் சொன்னவன் நான். அதையும் எழுதிக்கும்."

ஏட்டு எழுதவில்லை. விலங்கைக் கழற்றினார். காஞ்சிபுரத்துக்கு வாய்த்த ஒரே உளவாளியும் கைநழுவிப்போன வருத்தம் அவருக்கு இருந்திருக்கலாம்; அதைக் காட்டிக்கொள்ளாமல் மேசையிலிருந்து இரும்புத் துண்டை எடுத்துச் சின்னப்பையனிடம் நீட்டினார்.

தாரா அதற்குள் அம்மா இடுப்பிலிருந்து நழுவி அவன் காலைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நைனா, தூக்கு."

சின்னப்பையன் சுற்றும் முற்றும் பார்த்தான். தூக்கவில்லை. குனிந்து இரும்பை அவள் கையில் வைத்தான். "நீயே வெச்சிக்கோ கண்ணு." பிறகு சூடாமணியிடம், "நீங்க வந்திருக்க வேணாம்மா" என்றான்.

"வந்திருக்கணும். நேத்தே வந்திருக்கணும்" என்றாள் அவள்.

பூவராகவன் ஸ்டேஷன் மூலையிலிருந்த பானையருகே போனார். ஒரு பித்தளைச் சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டார். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து சின்னப்பையன் முன்னால் நீட்டினார். இந்தத் தடவை முகத்தைப் பார்த்தார். இடது புருவத்தின்மேல் ஒரு பழைய தழும்பு; மேலுதட்டின் ஓரத்தில் ஒரு மச்சம். காலையில் லாக்கப்பில் அத்தனை நேரம் பார்த்தும் இது இரண்டும் அவர் கண்ணில் பட்டிருக்கவில்லை.

"குடிப்பா" என்றார்.

சின்னப்பையன் சொம்பைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். அவன் பார்வையில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் பூவராகவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"இப்ப தாகம் இல்லீங்க சாமி. அன்னிக்கு இருந்துது."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனான். பட்டறை மாடத்தில் அவன் கத்தி காத்துக்கொண்டிருந்தது. தூரத்தில் செங்கற்பட்டு ரயில் கூவிவிட்டுப் புறப்பட்டது.

"குடுங்க சாமி, நானாச்சும் குடிக்கிறேன்" என்றான் தணிகாசலம்.

பூவராகவன் கொடுக்கவில்லை. சொம்புத் தண்ணீரில் ஒரு முகம் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு தரம் பார்த்தால் மறக்கமாட்டேன் என்று இனி யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டு, அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.